வரி பிடித்தால் நல்லது

வரி போட வேண்டும். போட்டே ஆக வேண்டும். மூன்றில் ஒரு பங்காவது போக வேண்டும், முடிந்தால் பாதி. ஆடிட்டர் ஆபீசின் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, செண்பகவல்லி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்; இப்படி நினைக்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லாமல். பக்கத்து நாற்காலியில் தங்கபுஷ்பம், அவள் ஓரகத்தி. மூத்தவர் தர்மராஜின் பெண்டாட்டி தங்கபுஷ்பம், இளையவர் பால்துரையின் பெண்டாட்டி செண்பகவல்லி. இப்போது பெண்டாட்டி என்று சொல்வதெல்லாம் பேச்சுக்குத்தான். ஒரே கார், ஒரே நிமிஷம், சாத்தூர் தாண்டி ரோட்டோரம் நின்றிருந்த ஒரே லாரி. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போய்விட்டார்கள், ஐந்து வருஷம் ஆகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது பால்துரை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தர்மராஜ். அந்த ஒரு கை தூர வித்தியாசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அறுபத்தோரு லட்சம், ஓட்டினவர் வீட்டுக்குப் பூஜ்யம். "ஓட்டினவர் மேலதானம்மா தப்பு, காரும் இரவல் காரு, கம்பெனி எப்படிக் கொடுக்கும்?" என்று, விசாரிக்கப் போன அன்றைக்கு வக்கீல் கேட்டபோது அவர் மூஞ்சியில் பொடி அளவு இரக்கம்கூட இல்லை. போகட்டும். வரியாவது பிடிக்கட்டும். அவள் பில் போடுகிற மருந்துக்கடையின் முதலாளி ஒருநாள் வேறு எதற்கோ பேசிக்கொண்டிருந்தபோது, "பெரிய தொகைன்னா கவர்ன்மென்ட் சும்மா விடுமா, முப்பது பர்சென்ட்டை உருவிருவான்" என்றார். அந்த முப்பதைச் செண்பகவல்லி பிடித்துக்கொண்டாள். பதினெட்டு லட்சத்துச் சொச்சம் போய்விடும். மிச்சம் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டும் பெரிய தொகைதான், ஆனாலும் அறுபத்தொன்று இல்லை. "கூட வா வல்லி, ஆடிட்டர் சொன்னா எனக்கு ஒண்ணும் வெளங்காது" என்று தங்கபுஷ்பம் நேற்றுக் கூப்பிட்டதும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தது துணைக்காக என்று ஊர் நினைத்துக்கொள்ளும். வரி பிடிப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் வந்திருக்கிறாள்.

தங்கபுஷ்பம் அந்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். காலையில் கீழ்வீட்டு வாசலிலேயே செண்பகவல்லி அதைப் பார்த்துவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அண்ணனும் தம்பியும் மதுரைக்குப் போய் இரண்டு பேருக்கும் எடுத்த சேலைகளில் ஒன்று அது. சேலைகள் வீடு வந்துசேர்ந்தன, எடுத்தவர்கள் வரவில்லை. அரக்கு, கடுகு நிறக் கரை வைத்தது மூத்தவளுக்கு, கிளிப்பச்சை இவளுக்கு. பச்சை இன்றைக்கும் பீரோவின் அடித்தட்டில் பிரிக்காமல் கிடக்கிறது. தங்கபுஷ்பமும் அரக்கைத் தொடாமல்தான் இருந்தாள், இன்றைக்கு என்ன வந்ததோ. தீர்ப்பு வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, துக்கமும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஃபேன் காற்றில் முந்தானை புரண்டபோது ஜரிகை தெரிந்தது, இரண்டு விரல்கடைக்குக் குறையாது. பச்சையில் இவ்வளவு இருக்காது. ஒன்றரை விரல்கடை இருந்தால் அதிகம். வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து விரலை வைத்து அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், நினைத்த உடனே சே என்ன புத்தி இது என்றும் நினைத்தாள், அதற்கு அடுத்த நொடியே, அளந்தால் என்ன, என் சேலையை நான் அளக்கிறேன், யார் வீட்டுக் காசு என்றும் நினைத்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த நாளிலிருந்து இதே அளவைதான். கீழ்வீடு அவர்களுக்கு, வெயில் காயும் மாடி இவர்களுக்கு. அங்கே மின்வாரியச் சம்பளம் மாதம் பிறந்தால் வந்துவிடும், இங்கே சைக்கிள் கடை, மழை பெய்தால் ஈ ஓட்ட வேண்டும். அங்கே பெண் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே இரண்டாவது, இங்கே பையன் பாஸானதே பெரிய காரியம். தங்கபுஷ்பத்துக்கு நாற்பத்தைந்து வயதுக்கு நரை காதோரத்தில் நாலு முடி. தனக்கு முப்பத்தெட்டில் வகிடே வெளுத்துவிட்டது. "ஒங் கண்ணுக்குள்ள தராசு இருக்குடி, எந்நேரமும் ஆடிக்கிட்டேதான் இருக்கும்" என்று பால்துரை சிரிப்பார். அவர் சொன்னது சரி. இரண்டு பாடையும் வாசலில் கிடந்த அன்றைக்குக்கூட அது ஆடத்தான் செய்தது. மின்வாரியத்து ஆட்கள் ஆளுயர மாலையாகக் கொண்டுவந்து பெரியத்தான் மேல் சாத்தினார்கள். அங்கே பதினேழு மாலை, இங்கே ஒன்பது. தலையில் அடித்து அழுதுகொண்டேதான் எண்ணினாள். அழுததும் நிஜம், எண்ணினதும் நிஜம்.

ஆடிட்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ தீப்பெட்டி ஆபீஸ்காரர் ஜிஎஸ்டி பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் இருந்த பெரியவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, "எங்க இருக்கே?" என்று கேட்டார். "வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன், வச்சிருங்க" என்றது போன், கட்டாகிவிட்டது. அவ்வளவுதான். அவ்வளவு சுலபம். வச்சிருங்க என்று ஒரு வார்த்தை. செண்பகவல்லி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். அதை நினைக்கக் கூடாது. காலண்டரைப் பார்க்கலாம். காலண்டரில் ஏதோ உரக்கம்பெனி, பச்சைப் பசேலென்று நெல். பச்சை. ஒனக்குப் பச்சை, மதினிக்கு அரக்கு என்றார் பால்துரை, அன்றைக்குப் போனில். வேண்டாம். ஜிப்பைத் திறந்தாள். மதினிக்கு அரக்கு என்று அவர் சொன்னதும், அரக்கு என்றால் ஜரிகை கூட இருக்குமே என்றுதானே தோன்றியது, அங்கிருந்துதானே ஆரம்பித்தது. பகல் பதினொன்றே முக்கால். மாடிப்படியில் நின்றுகொண்டு, ஒரு கையில் போன், இன்னொரு கையில் உரித்துக்கொண்டிருந்த பூண்டு. "அது என்ன வெல, இது என்ன வெல?" "ரெண்டும் ஒரே வெலதான் வல்லி. அண்ணன் அப்படித்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாக." "பொய் சொல்லாதீக. பில்லைப் பாத்துச் சொல்லுங்க." "ஓட்டிக்கிட்டிருக்கேன் தாயி. வந்து காட்டுதேன்." அங்கேயே விட்டிருக்கலாம். அங்கேயே பூண்டை உரிக்கப் போயிருக்கலாம். "இப்பமே சொல்லுங்க. சொல்ல மாட்டேங்கீகன்னா அதுக்கு என்ன அர்த்தம்?" அவர் சிரித்தார். கோபப்பட்டு வைத்திருக்கலாம், அவருக்குக் கோபப்படவே தெரியாது. "இரு, சட்டைப் பையிலதான் கெடக்கு. பாத்துச் சொல்லுதேன்" என்றார். காகிதம் சரசரக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டது வேறு சத்தம். அதற்கு அப்புறம் அவள் ஹலோ ஹலோ என்று எவ்வளவு நேரம் கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலமே போனிலிருந்து அந்த அழைப்பை அழித்துவிட்டாள். அவர் போன் நொறுங்கிப் போயிருந்தது. ராத்திரித் தூக்கம் இல்லாமல் ஓட்டினவன், கண் அசந்துவிட்டான் என்று யாரோ ஒருவர் எழவு வீட்டில் சொன்னார், அதையே எல்லோரும் சொன்னார்கள். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து இட்லி தின்றுவிட்டுத்தான் கிளம்பினார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணனையும் கொன்று தானும் செத்தவன் என்ற பேர் அவர் மேல் ஏறியது, ஏற விட்டாள். பிறகு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. விதியைப் பாருங்கள், பில் போடுகிற வேலை. ஒவ்வொரு ஆளிடமும் மருந்தையும் சில்லறையையும் கொடுத்துவிட்டு, "பில்லைச் சரிபாத்துக்கிடுங்க" என்று சொல்ல வேண்டும், முதலாளி உத்தரவு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை சொல்கிறாள். முதல் ஆறு மாதம் ஆளைப் பார்க்காமல் மருந்து அலமாரியைப் பார்த்துச் சொன்னாள், பிறகு பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. நியாயமாகப் பார்த்தால் இந்த அறுபத்தோரு லட்சத்தைத் தங்கபுஷ்பத்துக்கு வாங்கிக் கொடுத்ததே தான்தான். தன் பொறாமைதான் அதைச் சம்பாதித்தது. சம்பாதித்தது ஒருத்தி, வாங்கினது இன்னொருத்தி என்று அதற்கும் பொறாமைப்படுகிற தன் மனசை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அது சிரிப்பு இல்லை என்பதால் இருமிக்கொண்டாள். தங்கபுஷ்பம் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "குடி. வெயில்ல வந்தது" என்றாள். குடித்தாள். பாட்டில்கூட நல்ல பாட்டில், தண்ணீர் இன்னும் குளிர்ச்சி விடவில்லை.

கூப்பிட்டார்கள். ஆடிட்டர் நெல்லையப்பன் மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் காகிதம் படிப்பார். தங்கபுஷ்பம் தன் மஞ்சள் பையை அப்படியே மேஜை மேல் கவிழ்த்தாள். கோர்ட்டுத் தீர்ப்பு, பேங்க் புத்தகம், கம்பெனி கொடுத்த கடிதம், கிளிப் போட்டது போடாதது எல்லாம் விழுந்தது. "இதுல கவர்ன்மென்ட்டுக்கு நான் என்னய்யா கட்டணும்? கட்ட வேண்டியதைக் கட்டிருதேன். அந்தக் காசுல குத்தம் கொறை இருக்கக் கூடாது" என்றாள். பார், கட்டுகிறேன் என்கிறாள், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். செண்பகவல்லி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆடிட்டர் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "அசலுக்கு வரியே கிடையாதும்மா" என்றார். "வரி வருமானத்துக்குத்தான். இது நஷ்டஈடு. ஆள் போனதுக்குக் கொடுத்தது, இது எப்படி வருமானம் ஆகும்? ஒரு ரூபாகூட வராது." ஒரு ரூபாய்கூட. "அம்புட்டுப் பெரிய தொகைக்குமாங்க?" என்று செண்பகவல்லியின் வாய் அவளைக் கேட்காமலே கேட்டுவிட்டது. அவர் அதைக் கரிசனம் என்று எடுத்துக்கொண்டார். "கவலையே படாதீங்கம்மா, உங்க அக்காவுக்கு ஒண்ணும் வராது" என்று சமாதானம் வேறு சொன்னார். அவள் விடவில்லை. "வட்டின்னு தனியாக் குடுத்திருக்காகளே, அதுக்கு?" "அதுல பத்து பர்சென்ட் பிடிச்சுட்டுத்தான் கொடுத்திருக்காங்க. வட்டி விஷயத்துல தீர்ப்பும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுது. பிடிச்சதைத் திரும்பக் கேட்டு நான் எழுதிப் போடுறேன், பெரும்பாலும் வந்துரும்." பிடித்ததும் திரும்பி வந்துவிடும். எதுவும் இவளிடமிருந்து போகாது. போனதெல்லாம் திரும்பி வந்து இவள் வாசலில் நிற்கும், புருஷனைத் தவிர. புருஷனைத் தவிர என்று நினைத்ததும், அது தனக்கும்தானே என்று ஒரு குரல் சொன்னது. ஆமாம், தனக்கும்தான். தனக்கு அது மட்டும்.

வட்டி எந்தத் தேதியிலிருந்து என்று பார்ப்பதற்காக ஆடிட்டர் தீர்ப்பைப் புரட்ட ஆரம்பித்தார். இங்கிலீஷில் இருந்ததை வாய்க்குள் முணுமுணுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார், பாதி தனக்கு, பாதி அவர்களுக்கு. இறந்தவருக்கு வயது நாற்பத்து நாலு, மின்வாரிய ஊழியர், ஓய்வு வரை என்னென்ன சம்பாதித்திருப்பார், ஈமச்சடங்குக்கு இவ்வளவு, மனைவி தன் துணையை இழந்ததற்கு இவ்வளவு. செண்பகவல்லி அந்த இடத்தில் நின்றுவிட்டாள். துணையை இழந்ததற்கு. அப்படி ஒரு வரி போட்டு, எதிரே ஒரு தொகை போட்டு, கீழே ஒரு ஜட்ஜ் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தங்கபுஷ்பம் துணையை இழந்தாள் என்று முத்திரையோடு காகிதம் இருக்கிறது. பால்துரையைத் தான் இழந்ததற்கு எந்த ஆபீசில் எந்தக் காகிதம் இருக்கிறது? இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, அவர் செத்தார் என்று இருக்கும், தனக்கு என்ன ஆயிற்று என்று அதில் இருக்காது. லட்சம் வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும் கொடுத்திருந்தால் போதும் என்று நினைத்தபோது பொறாமை முதல் தடவையாக அவளுக்கு நெஞ்சுக்குள் வலியாகவே வலித்தது. "ஓ, போன் பேசிக்கிட்டே ஓட்டியிருக்காரா" என்றார் ஆடிட்டர். செண்பகவல்லியின் கை ஜிப்பில் நின்றது. "எதிர்ல டீக்கடைக்காரர் சாட்சி சொல்லியிருக்காரு. காதுல போனு, கையில என்னமோ காகிதம், குனிஞ்சுக்கிட்டே வந்தாருன்னு. இந்தக் காலத்துல இதே வேலையாப் போச்சு." தூங்கிவிட்டார் என்றுதானே ஊரெல்லாம் சொன்னது. கோர்ட்டில் எல்லாம் வெளியே வந்திருக்கிறது, காகிதம் உள்பட. அந்தக் கேஸ் நடந்த ஒருநாள்கூட அவள் திருநெல்வேலிக் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை, வயிற்றுவலி என்றாள், கடையில் லீவு இல்லை என்றாள். ஆடிட்டர் அடுத்த பக்கத்துக்குப் போனார். "யாருகிட்ட பேசினாருன்னு கம்பெனி வக்கீல் உங்ககிட்டயே குறுக்குக் கேள்வி கேட்டிருக்காரு போல." நிமிர்ந்து தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க." "ஆமாய்யா" என்றாள் தங்கபுஷ்பம். முந்தானை நுனியை மடியில் வைத்து நீவிக்கொண்டே, "தெரியாதுன்னுதான் சொன்னேன்" என்றாள்.

சொன்னேன் என்கிறாள். தெரியாது என்று சொல்லவில்லை, தெரியாதென்று சொன்னதாகச் சொல்கிறாள். மாடிப்படி, பதினொன்றே முக்கால், படிக்குக் கீழேதானே துணி துவைக்கிற கல். அன்றைக்கு அங்கே தண்ணீர்ச் சத்தம் கேட்டதா? கேட்டது. கேட்டதா? ஐந்து வருஷமாக அந்த மாடிப்படியைத் தினமும் பத்துத் தடவை நினைத்துப் பார்க்கிறாள், பூண்டுத் தோல் எங்கே விழுந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது, படிக்குக் கீழே யார் இருந்தார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆடிட்டருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, அவர் தேதியைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். "இன்னொண்ணு கேக்கணும்யா" என்றாள் தங்கபுஷ்பம். "இதுல பாதியை இவ பேருக்கு மாத்திரலாம்னு இருக்கேன். அப்படி மாத்தினா இவளுக்கு வரி வந்துருமா?" ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிட்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி முதல் தடவையாகச் செண்பகவல்லியை நன்றாகப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரோட தம்பி சம்சாரம்தானே? சொந்தக்காரங்க கணக்குல வந்துருவாங்க. வரி இல்ல. ஒரு தானப் பத்திரம் மட்டும் எழுதிக்கிடுங்க." பாதி என்றால் முப்பதரை. வட்டியிலும் பாதியா? இதை நினைத்தது தான்தானா என்று செண்பகவல்லிக்கு ஒரு கணம் சந்தேகமாகவே இருந்தது. தான்தான், வேறு யார். அப்புறம்தான் மற்றதெல்லாம் வந்தது. இவளுக்குத் தெரியும். தெரிந்து ஐந்து வருஷம் கீழ்வீட்டில் இருந்துகொண்டு, மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் ஊற்றி மேலே கொடுத்தனுப்பியிருக்கிறாள். கோர்ட்டுக் கூண்டில் ஏறி நின்று தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். இப்போது பாதியையும் கொடுக்கிறாள். கொடுக்கிற இடத்திலும் அவளே நிற்கிறாள், மன்னிக்கிற இடத்திலும் அவளே நிற்கிறாள், நல்லவளாக இருக்க ஒரு மூலையைக்கூடத் தனக்கு மிச்சம் வைக்கவில்லை. எரிந்தது. அழுகை வருகிற இடத்தில் எரிச்சல்தான் வந்தது. "இது உங்களுக்கு ஒப்புதல்தானேம்மா?" என்று ஆடிட்டர் கேட்டார். "அக்கா சொன்னாச் சரிதான்" என்று வாய் சொன்னது. அவர் காகிதங்களை அடுக்கும்போது மஞ்சளாய்ப் போன சின்னத் துண்டு ஒன்றைத் தனியே எடுத்து ஒதுக்கினார். "இது மதுரைத் துணிக்கடை பில்லு. அங்கேருந்து வந்தாங்கன்னு காட்ட வக்கீல் சேத்து வச்சிருப்பாரு. எனக்கு இது வேண்டாம்." தங்கபுஷ்பம் அதை எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மாடியிலிருந்து இறங்குகிற படி குறுகல், ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் போக முடியும். தங்கபுஷ்பம் முன்னால், செண்பகவல்லி பின்னால். கீழே பஜாரில் ஷேர் ஆட்டோக்காரன் இளையரசனேந்தல், இளையரசனேந்தல் என்று கூவிக்கொண்டிருந்தான். பாதிப் படியில் செண்பகவல்லி நின்றாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சாக்கா?" என்றாள். தங்கபுஷ்பம் திரும்பவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "படிக்குக் கீழதான் துணி அலசிக்கிட்டிருந்தேன். பில்லைப் பாத்துச் சொல்லுங்கன்னு நீ சொன்னது கேட்டுச்சு. எனக்கு மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு, இவளுக்கு இதே வேலைன்னு." "ஏன்க்கா யார்ட்டயும் சொல்லல?" "சொல்லி?" ஷேர் ஆட்டோ கிளம்பிப் போனது. "மொதல் ஒரு வருசம் ஒன்னைக் கண்டாலே அடிவயிறு எரியும். மூஞ்சியில ஓங்கி அறையணும்னு இருக்கும். ஒருநாள் அதுக்குன்னே மாடிக்கு ஏறி வந்தேன். நீ அந்தப் பச்சைச் சேலையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. பிரிக்கக்கூட இல்ல. பேசாம இறங்கிட்டேன்." தங்கபுஷ்பத்தின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மளிகைச் சாமான் கணக்குச் சொல்கிற மாதிரி. அந்தச் சாதாரணத்துக்கு எவ்வளவு நாள் பிடித்திருக்கும் என்று செண்பகவல்லியால் கணக்குப் போட முடியவில்லை. அந்த ஒரு கணக்கு அவளுக்கு வரவே இல்லை. "இன்னைக்கி இதைக் கட்டிருவோம்னு நெனச்சேன். நீயும் கட்டு. எத்தன நாளைக்கு உள்ள வச்சிருப்பே" என்றாள் தங்கபுஷ்பம். பிறகு கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கையில் அந்தத் துண்டு. "காருக்குள்ள தரையில கெடந்துச்சாம். போலீசு எங்க அண்ணன் கையில குடுத்தாக. இனி ஒங்கிட்ட இருக்கட்டும்."

நாலாக மடித்த காகிதம். மடிப்பு ஓரமெல்லாம் நைந்திருந்தது. "நீங்க பாத்தீகளாக்கா?" என்றாள் செண்பகவல்லி. "எதை?" "வெலையை." "இல்லையே. எனக்கு என்னத்துக்கு அது" என்றாள் தங்கபுஷ்பம், நிஜமாகவே அது தனக்குத் தோன்றவே இல்லை என்பது போல. ஐந்து வருஷம் வீட்டில் வைத்திருந்து, கோர்ட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து, ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. செண்பகவல்லிக்கு வீடு வரை பொறுக்கத் தெரியாது, பஸ் ஸ்டாண்டு வரைகூடத் தெரியாது. பார்க்காமல் கிழித்துப் போட வேண்டும் என்று நினைத்தாள். கிழித்துப் போட்டால் தானும் ஒருநாள், ஒரே ஒருநாள், இவளுக்குச் சமமாக நின்றிருப்போம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பிரித்தாள். கார்பன் வைத்து எழுதின பில். கடைப் பேருக்குக் கீழே மூலையில் பழுப்பாய் ஒரு கறை, அதன் மேல் விரல் படாமல் பிடித்துக்கொண்டாள். சேலை ஒன்று, இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. சேலை ஒன்று, இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. பையனுக்குச் சட்டை, பெண்ணுக்குச் சுடிதார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் படித்தாள். காகிதம் சரசரத்தது. தங்கபுஷ்பம் இன்னும் இரண்டு படி இறங்கி, தெரு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒரே வெலதான்க்கா" என்றாள் செண்பகவல்லி.